கேம்பர் டிரெய்லருக்கு எந்த ஹிட்ச்? டிராக்டர் கொக்கி போதும் என்கிறார்கள், கோத்தகிரி இறக்கத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது

கட்டபெட்டு வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வீடு கோத்தகிரிப் பக்கம். வண்டி பொலேரோ. போன மாதம் ஒரு சின்ன கேம்பர் டிரெய்லரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஒரே ஆக்ஸில், இரண்டு சக்கரம், மேலே விரிக்கிற கூடாரம், பின்பக்கக் கதவைத் திறந்தால் அடுப்படி. சும்மா இருக்கும்போது 480 கிலோ என்று விற்றவர் சொன்னார், சாமான் எல்லாம் ஏற்றினால் 650, 700 வரும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குத் தனுஷ்கோடியில் விடிவதைப் பார்க்க வேண்டுமாம், பிள்ளைகளுக்கு மசினகுடி, மனைவிக்குக் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர். எல்லாவற்றுக்கும் முதலில் மலை இறங்கியாக வேண்டும் அல்லவா, அங்கேதான் பிரச்சினை.

வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் எதுவும் இப்போது இல்லை. டிரெய்லரின் மூக்கில், அதாவது முன்முனையில், ஒரு கப்ளர் இருக்கிறது, கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி, மேலே ஒரு கைப்பிடி. பக்கவாட்டில் 50 என்று அடித்திருக்கிறது. பட்டறையில் காட்டினேன். "இதெல்லாம் வேண்டாம் சார், கப்ளரை அறுத்துவிட்டு ஒரு வளையம் வெல்டிங் வைத்துத் தருகிறேன், வண்டியின் பம்பரில் டிராக்டர் மாதிரி இரண்டு தகடு, நடுவில் ஒரு பின், பத்து டன் இழுக்கும்" என்றார். இன்னொருவர் ஆன்லைனில் இரண்டு இஞ்ச் இரும்புக் குண்டு ஒன்று வாங்கி மாட்டச் சொன்னார். இரண்டும் ஒன்றுதானா? வீடியோக்களில் அமெரிக்காவில் பிக்கப்பின் தொட்டிக்குள் மாட்டி இழுக்கிறார்களே, அது இதைவிடப் பாதுகாப்பானதா? எந்த ஹிட்ச் எதற்கு என்று யாராவது முழுதாக விளக்கினால் நன்றியோடு இருப்பேன். அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே உட்காரும் வண்டி, அதனால் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும் என்று இருக்கிறேன்.


பர்லியாறு பட்டறை:

தம்பி, முதலில் அந்தக் கப்ளரை அறுக்க விடாதீர்கள். அது நல்ல சாமான். அறுத்துவிட்டால் திரும்ப அதே கோணத்தில் வைப்பது கஷ்டம்.

டிராக்டர் கொக்கியை நான் குறை சொல்லவில்லை. அது வயலுக்கும் செங்கல் சூளைக்கும் என்றே செய்தது. இரண்டு தகட்டுக்கு நடுவே வளையம், மேலிருந்து ஒரு பின். ஆனால் வளையத்தின் ஓட்டைக்கும் பின்னுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி விடுகிறார்கள், ஏனென்றால் வரப்பில் ஏறும்போது டிரெய்லர் ஒரு பக்கம் சாயும், டிராக்டர் இன்னொரு பக்கம் சாயும், இறுக்கமாக இருந்தால் பின் வளைந்துவிடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிற டிராக்டருக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் மேட்டுப்பாளையம் தாண்டி அவினாசி ரோட்டில் 60, 70-ல் போகும்போது, பிரேக்கைத் தொட்டால் டிரெய்லர் முன்னால் வந்து ஒரு இடி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் ஒரு இழுப்பு. ஒவ்வொரு முறையும் சுத்தியலால் அடிப்பது மாதிரி. நாலாயிரம் கிலோமீட்டர் போனால் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விழும், பெயின்ட் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

உங்கள் டிரெய்லரில் இருப்பது குண்டு ஹிட்ச்சின் மேல்பாதி. கீழ்ப்பாதி வண்டியில் வர வேண்டும், அதாவது ஒரு இரும்புக் குண்டு. கப்ளர் அதன்மேல் உட்கார்ந்து அடியில் ஒரு நாக்கு வந்து கவ்விக்கொள்ளும். இடைவெளி கிடையாது, அதனால் இடியும் கிடையாது. எல்லாப் பக்கமும் திரும்பும். மேலே கீழே சுமார் 20 டிகிரி வரை ஆடலாம், நம் தார் ரோட்டுக்கு அது தாராளம். உங்கள் எடைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

இப்போது அந்த இரண்டு இஞ்ச் விஷயம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு இஞ்ச் என்பது 50.8 மில்லிமீட்டர், அது அமெரிக்க அளவு. உங்கள் கப்ளரில் 50 என்று இருப்பது ஐரோப்பா, ஆஸ்திரேலியா அளவு. 50 கப்ளரை 50.8 குண்டில் வைத்தால் முழுதாக இறங்காது, நாக்கு பாதி கவ்வி நிற்கும், கைப்பிடி மூடியது போலவே தெரியும். அதுதான் ஆபத்து. தலைகீழாக, இரண்டு இஞ்ச் கப்ளரை 50 குண்டில் வைத்தால் லொடலொடவென்று ஆடும். முக்கால் மில்லிமீட்டர்தானே என்று விடாதீர்கள். குண்டின் தலையில் அளவு அடித்திருக்கும், 50 என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். அமெரிக்காவில் 1 7/8 இஞ்ச், 2 5/16 இஞ்ச் என்று வேறு அளவுகளும் உண்டு, ஆன்லைனில் எல்லாம் கலந்து கிடக்கும்.

அப்புறம் பம்பர். பம்பரில் எதையும் மாட்டக் கூடாது. பொலேரோவுக்கு அடியில் ஏணி மாதிரி சேசிஸ் இருக்கிறது, அதன் இரண்டு நீளச் சட்டத்திலும் பக்கத்துக்கு மூன்று போல்ட்டாவது போட்டு, குறுக்கே ஒரு கனமான பைப் வந்து, அதன் நடுவில்தான் குண்டு நிற்க வேண்டும். அந்தக் குறுக்குப் பைப்பில் ஒரு சதுர வாய் வைத்தால் அதற்குத்தான் ரிசீவர் ஹிட்ச் என்று பெயர். குண்டு வைத்த கம்பியை அதில் நுழைத்து ஒரு பின் போடுவீர்கள், வேண்டாதபோது கழற்றி உள்ளே வைத்துவிடலாம். 1 1/4 இஞ்ச் வாய், 2 இஞ்ச் வாய் என்று இரண்டும் வரும். சின்ன வாயிலேயே லேசான வகை சுமார் 900 கிலோ வரை இழுக்கத் தாங்கும், அடுத்த வகை சுமார் 1,600 வரை. உங்களுக்குச் சின்னதே போதும், ஆனால் 2 இஞ்ச் வாய் வைத்தால் பிற்பாடு சாமான் கிடைப்பது சுலபம். எதுவாக இருந்தாலும் வண்டியின் கையேட்டில் எவ்வளவு இழுக்கலாம் என்று போட்டிருப்பதைத் தாண்டாதீர்கள். ஹிட்ச், குண்டு, கப்ளர், வண்டி நான்கில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு.

அந்த அமெரிக்க வீடியோவில் பார்த்தது ஃபிஃப்த் வீல், நம் ஊரில் கன்டெய்னர் லாரியில் இருக்கிறதே, அதே தத்துவம். எடை நேராகப் பின் ஆக்ஸிலுக்கு மேலே விழும், அதனால் ஆடாது. பல டன் எடை உள்ள வீட்டு டிரெய்லருக்கு அது சரி. பிக்கப் தொட்டி இல்லாத வண்டிக்கு வழியே இல்லை, 700 கிலோவுக்குத் தேவையும் இல்லை.


வெலிங்டன் ஓய்வு:

பர்லியாறு தம்பி சொன்னது அத்தனையும் சரி. ராணுவத்தில் வண்டிப் பிரிவில் இருந்தவன் என்பதால் இன்னொரு வகையையும் சொல்கிறேன், கேட்டவர் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாரே.

நாங்கள் தண்ணீர் டிரெய்லர், ஜெனரேட்டர் டிரெய்லர் எல்லாம் இழுத்தது பின்டில் கொக்கியில். வண்டியில் பருந்து அலகு மாதிரி ஒரு கொக்கி, மேல் தாடை மூடிப் பூட்டிக்கொள்ளும். டிரெய்லரில் பெரிய வளையம். கரடுமுரடான இடத்தில் இதற்கு ஈடு கிடையாது. வண்டி குழிக்குள் இறங்கி, டிரெய்லர் மேட்டில் ஒருக்களித்து நின்றாலும் வளையம் கொக்கிக்குள் சுழன்று கொடுக்கும். இருட்டில், மழையில், கையுறையோடு மாட்டலாம். குண்டு ஹிட்ச்சில் அவ்வளவு சாய்ந்தால் கப்ளரின் உதடு குண்டின் கழுத்தில் இடித்து, ஒன்று கழுத்து முறியும், இல்லை நாக்கு திறந்துகொள்ளும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பர்லியாறில் இருந்து குன்னூர் ஏறுவதற்குள் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் பின்னால் "டணார்" என்று ஒரு சத்தம். நாள் முழுக்க அதைக் கேட்டு ஓட்டியிருக்கிறேன், இறங்கியபின் இடுப்பில் அந்த அடி மிச்சமிருக்கும். உள்ளே வயதான அம்மாவை வைத்துக்கொண்டு அது வேண்டாம். தார் ரோட்டில் போகிற குடும்ப டிரெய்லருக்குக் குண்டு, காட்டுக்குள் போகிற கனத்த டிரெய்லருக்குப் பின்டில். நான் கடைப்பிடித்த கணக்கு இவ்வளவுதான்.

எது மாட்டினாலும் இரண்டு சங்கிலி. கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் போட வேண்டும், நேராக அல்ல. கப்ளர் கழன்றால் மூக்கு தரையைக் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டில் மாதிரி ஏந்திக்கொள்ளும். முழுத் திருப்பத்தில் இழுபடாத நீளம் வேண்டும், ஆனால் ரோட்டில் உரசக் கூடாது. கோணிக் கயிறு, நைலான் கயிறு எல்லாம் வைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதே வயிறு கலங்கும்.


பூம்பாறை பூண்டு:

வணக்கம். நான் கொடைக்கானல் மேல்மலை. நாங்கள் மூன்று வருடமாக ஒரு சின்ன டிரெய்லர் வைத்திருக்கிறோம். ஹிட்ச் வகையைப் பற்றி அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள், நான் சொல்ல வந்தது டிரெய்லரின் மூக்கு எடை. இது சரியில்லை என்றால் எந்த ஹிட்ச் போட்டும் பயன் இல்லை, நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

முதல் வருடம் மலை இறங்கும் வரை ஒன்றுமே தெரியவில்லை, வளைவில் எல்லாம் 20, 25-ல்தானே போகிறோம். வத்தலக்குண்டு தாண்டி நேர் ரோடு வந்ததும் என் வீட்டுக்காரர் 75-க்குப் போனார். எதிரே ஒரு பஸ் காற்றை அடித்துக்கொண்டு போனது, அவ்வளவுதான், டிரெய்லர் நாய் வாலை ஆட்டுவது மாதிரி ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, நாலாவது ஆட்டத்தில் எங்கள் வண்டியின் பின்புறத்தையே பிடித்து இழுத்தது. அவர் பயத்தில் பிரேக்கில் கால் வைத்தார், ஆட்டம் இன்னும் அதிகமாகிவிட்டது. கடவுள் புண்ணியத்தில் அப்போது எதிரே யாரும் வரவில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிடித்திருந்தால் தானாக அடங்கியிருக்கும் என்று பின்னால்தான் கற்றுக்கொண்டோம். இப்போதும் அந்த இடத்தைத் தாண்டும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

காரணம் என்ன தெரியுமா? தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், மாவு டப்பா எல்லாவற்றையும் அடுப்படி பின்னால் இருக்கிறது என்று பின்னாலேயே வைத்திருந்தோம். டிரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் எடை ஏறினால் மூக்கு லேசாகிவிடும், லேசான மூக்குதான் ஆட்டத்தின் தாய். மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் மூக்கில் விழ வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் லேசான கார், குறைந்த வேகம் என்பதால் 4-லிருந்து 7 சதவீதம் என்கிறார்கள். நம் ரோட்டுக்கு நாங்கள் 10-ஐ ஒட்டி வைத்துக்கொள்கிறோம்.

அளப்பது சுலபம். சமதளத்தில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினை மூக்குக்கு அடியில் வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளர் வண்டியில் மாட்டும்போது எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அதே உயரத்துக்கு வரும்படி கட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். மூக்கைக் கட்டைமேல் இறக்கினால் மெஷின் காட்டுவதுதான் மூக்கு எடை. பயணத்துக்குக் கட்டிய சாமானோடு அளக்க வேண்டும், காலியாக அளந்து பிரயோசனம் இல்லை.

ஆளுக்கு ஆள் ஹிட்ச் என்ன விலை என்று கேட்கிறார்கள், மூக்கு எவ்வளவு கிலோ என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.


கட்டபெட்டு வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கப்ளர் தப்பித்தது! அக்கா சொன்னதைப் படித்துவிட்டு அன்றைக்கே அளந்தேன். பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் கெஞ்சி எடை மேடையில் ஏற்றினேன், சாமானோடு 680 கிலோ. மூக்கு எடை எவ்வளவு தெரியுமா, வெறும் 14 கிலோ. இரண்டு சதவீதம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. இப்படியே தனுஷ்கோடிக்குக் கிளம்பியிருப்பேன்.

20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று பின்னால் இருந்தது, அதை எடுத்து சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குள் மாற்றினேன். ஏறக்குறைய 2.4 மீட்டர் முன்னால் வந்திருக்கும். திரும்ப அளந்தால் 69 கிலோ. மூன்று கேனுக்கு இவ்வளவு வித்தியாசமா என்று நம்ப முடியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, மூக்கில் 69 கிலோ உட்கார்ந்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன் சக்கரம் லேசாகாதா? எடையைப் பங்கிடும் ஹிட்ச் என்று ஒன்று இருக்கிறதாமே, அது வேண்டுமா? இரண்டு, டிரெய்லரில் பிரேக் இல்லை. கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்க பிரேக் இல்லாமல் முடியுமா? பட்டறையில் "செகண்ட் கியரில் விடுங்கள், போதும்" என்கிறார்கள்.


லவ்டேல் வாத்தியார்:

பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருகிறவன். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதல் கேள்விக்குச் சின்னக் கணக்கு. பொலேரோவின் முன், பின் ஆக்ஸிலுக்கு நடுவே சுமார் 2.7 மீட்டர். குண்டு பின் ஆக்ஸிலில் இருந்து 1.1 மீட்டர் பின்னால் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 69 கிலோ அங்கே உட்கார்ந்தால் துலாக்கோல் மாதிரி முன் ஆக்ஸிலில் இருந்து சுமார் 28 கிலோ குறையும், பின் ஆக்ஸிலில் சுமார் 97 கிலோ கூடும். பின் சீட்டில் ஒரு பெரியவர் கூடுதலாக ஏறியது மாதிரி, அவ்வளவுதான். எடையைப் பங்கிடும் ஹிட்ச் என்பது இரண்டு நீளமான எஃகுக் கம்பியை டிரெய்லர் மூக்குக்கு அடியில் வில் மாதிரி வளைத்துக் கட்டி, பின் ஆக்ஸிலில் விழுந்த பாரத்தில் ஒரு பகுதியை முன் ஆக்ஸிலுக்கும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் தள்ளுவது. ஒன்றரை, இரண்டு டன் டிரெய்லருக்கு அது நல்ல ஏற்பாடு. உங்களுக்கு வேண்டாம். பின் சீட்டில் சாமான் குவிக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,450 மீட்டர், ரோடு 33 கிலோமீட்டர். 680 கிலோ அவ்வளவு உயரம் இறங்கினால் வெளியே வரும் ஆற்றல் ஏறக்குறைய 9.7 மெகா ஜூல். மின்சாரக் கணக்கில் 2.7 யூனிட். இன்னும் தெளிவாகச் சொன்னால் 28, 29 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு. இது டிரெய்லருக்கு மட்டும், வண்டியின் கணக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தனியாக இருக்கிறது. கொஞ்சம் எஞ்சின் பிடிக்கும், கொஞ்சம் காற்றும் டயரும் பிடிக்கும், மிச்சம் முழுக்க பிரேக்கில்தான் போக வேண்டும். டிரெய்லரில் பிரேக் இல்லாவிட்டால் அதன் பங்கையும் பொலேரோவின் டிஸ்க்கும் டிரம்மும்தான் சுமக்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் அந்த ரோட்டில் ஒதுங்க இடமே கிடையாது.

சூடு மட்டும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பிவிட்டது, டிரெய்லர் இன்னும் பழைய திசையிலேயே இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அந்த நொடியில் நீங்கள் பிரேக் பிடித்தால் பிரேக் இல்லாத டிரெய்லர் குண்டை முன்னால் தள்ளும், ஆனால் கோணலாக. வண்டியின் பின்புறத்தை வெளிப்பக்கம் தள்ளும். மழை பெய்து, தேயிலைச் சருகு கிடக்கிற வளைவில் அது போதும் மடங்கிக்கொள்ள. ஐரோப்பாவில் 750 கிலோ வரை பிரேக் இல்லாத டிரெய்லரை அனுமதிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிரேக் இல்லாமல் மலையில் இறங்க மாட்டேன். செகண்ட் கியர் அவசியம், செகண்ட் கியர் மட்டும் போதாது.

பிரேக்கில் இரண்டு வகை. ஒன்று தள்ளு பிரேக். கப்ளருக்குப் பின்னால் ஒரு தண்டு உள்ளே போய் வரும். வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கேபிளை இழுத்து டிரம் பிரேக்கைப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், எளிமை. ஆனால் மலையில் ஒரு சிக்கல். டிரெய்லர் எடையில் 2-லிருந்து 4 சதவீத அளவுக்குத் தள்ளல் வந்தாலே அது வேலை செய்யத் தொடங்கும்படிதான் செய்கிறார்கள். கோத்தகிரி ரோட்டின் சராசரி இறக்கமே 4.4 சதவீதம். அப்படியென்றால் நீங்கள் பிரேக்கைத் தொடாவிட்டாலும் டிரெய்லர் பிரேக் மேலிருந்து கீழ்வரை லேசாகப் பிடித்துக்கொண்டே வரும். வழியில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும், டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல் தெரியும், தொட்டுப் பார்க்காதீர்கள். மேட்டில் பின்னால் எடுக்கும்போதும் இது பிடித்துக்கொள்ளும், அதனால் ரிவர்ஸில் தானாக விட்டுக்கொடுக்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று மின்சார பிரேக். டிரம்முக்குள் ஒரு காந்தம், டிரைவர் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர். நீங்கள் பிரேக்கை மிதித்தால் டிரெய்லரும் பிடிக்கும், விட்டால் விடும், அதனால் இறக்கத்தில் டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கும். பூம்பாறை அம்மா சொன்ன ஆட்டம் வந்தால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் அழுத்தலாம், பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும். வயரிங் வேலை அதிகம், பணமும் அதிகம். மலையிலேயே குடியிருந்து மாதம் ஒரு முறை இறங்கி ஏறுகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.


பர்லியாறு பட்டறை:

வாத்தியார் சார் அருமையாகச் சொன்னார். நான் ஒன்று சேர்க்கிறேன். கட்டபெட்டில் இருந்து வீட்டுக்குப் போகிற எஸ்டேட் பாதை எப்படி? கல்வெர்ட், திடீர் மேடு ஏதாவது உண்டா?


கட்டபெட்டு வாசி:

உண்டு அண்ணா. கடைசி 400 மீட்டர் மண் பாதை, நடுவில் ஒரு ஓடைப் பள்ளம். காலியாக இருக்கும்போதே பொலேரோவின் பின் பம்பர் லேசாக உரசும்.


குன்னூர் டு பெர்த்:

குன்னூரில் பிறந்து வளர்ந்தவன், இப்போது ஆஸ்திரேலியாவில். அந்த ஓடைப் பள்ளத்தைப் பற்றிப் படித்ததும் எழுதலாம் என்று தோன்றியது.

இங்கே மண் ரோட்டில் கேம்பர் இழுக்கிறவர்கள் பலர் குண்டை விட்டுவிட்டு வேறு வகைக்குப் போய்விட்டார்கள். ஒன்று பாலி பிளாக் என்கிற ரப்பர் மாதிரியான கட்டை வைத்த ஹிட்ச், டிரெக் என்ற பெயரில் பழைய ஆட்களுக்குத் தெரியும். இன்னொன்று டிஓ35 என்று, வண்டியில் குண்டுக்குப் பதில் ஒரு குத்துத் தண்டு நிற்கும், டிரெய்லரின் மூக்கு மேலிருந்து அதன்மேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். பின்டில் மாதிரி எல்லாப் பக்கமும் சுழலும், ஆனால் அந்த இடி கிடையாது. வெலிங்டன் ஐயா சொன்ன இரண்டு நன்மையும் ஒரே சாமானில். விலையும் அதற்குத் தகுந்த மாதிரி.

ஆனால் 400 மீட்டர் மண் பாதைக்காக நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். இங்கே 50 மில்லிமீட்டர் குண்டே 3.5 டன் வரைக்கும் அனுமதி. 680 கிலோவுக்கு அது போதும் போதும். ஓடைப் பள்ளத்தை நேராகக் கடந்து போங்கள், கோணலாக இறங்காதீர்கள். ஒரு தடவை யாரையாவது வெளியே நிற்க வைத்து, கப்ளரின் உதடு குண்டின் கழுத்தைத் தொடுகிறதா என்று மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தொட்டால் பள்ளத்தில் நாலு கூடை ஜல்லி கொட்டிச் சரிசெய்வது புது ஹிட்ச்சைவிட மலிவு.

குண்டின் உயரமும் பார்க்க வேண்டும். சாமான் ஏற்றிய நிலையில் குண்டின் நடுப்பகுதி தரையில் இருந்து 35-லிருந்து 42 சென்டிமீட்டருக்குள் இருப்பது ஐரோப்பிய வழக்கம். பொலேரோ மாதிரி உயரமான வண்டியில் சட்டம் மேலே இருக்கும், அதனால் கீழே இறங்கி வளைந்த கம்பி தேவைப்படும். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், மூக்கு ஆகாயத்தைப் பார்த்தால் எடை பின்னால் போய் திரும்பவும் ஆட்டம்தான்.


தொட்டபெட்டா ரோடு:

பேப்பர் வேலையை யாரும் சொல்லவில்லையே. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரும் அடக்கம். அதனால் டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி நம்பர். 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து அல்லாத வகையில் வருகின்றன. செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள், ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஹிட்ச் போட்டதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் மசினகுடி ஆசைக்கு ஒரு வார்த்தை. நம்ம மாவட்டத்து நம்பர் இருந்தாலும் டிரெய்லரோடு ஊட்டியில் இருந்து கல்லட்டி வழியாக இறங்காதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு, சரிவு கோத்தகிரி ரோட்டைவிட மிகவும் மோசம். கூடலூர், தெப்பக்காடு சுற்றிப் போங்கள். இரண்டு மடங்கு தூரம்தான், ஆனால் நிம்மதி.


பூம்பாறை பூண்டு:

வளைவில் இன்னொன்று. டிரெய்லர் சக்கரம் வண்டியின் சக்கரத் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கொண்டை ஊசியில் உள்பக்கக் கல்லுக்கு ஒட்டித் திரும்பினால் டிரெய்லர் சக்கரம் சாக்கடையில் இறங்கிவிடும். எதிரே பஸ் இல்லை என்று பார்த்து, ஹாரன் அடித்து, கொஞ்சம் அகலமாக எடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு எப்போதும் வழி விடுங்கள்.


கட்டபெட்டு வாசி:

ஆர்.சி. இன்னும் மாறவில்லை, திங்கட்கிழமை அதற்குப் போகிறேன். முடிவு செய்தது இதுதான்: சேசிஸில் போல்ட் போட்ட 2 இஞ்ச் ரிசீவர், கீழே இறங்கிய கம்பி, 50 குண்டு, குறுக்குச் சங்கிலி இரண்டு, மின்சார பிரேக். பிரேக் ஆக்ஸிலைக் கோயம்புத்தூரில் சொல்லிவிட்டேன், வர ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை டிரெய்லர் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும், பிள்ளைகள் அதற்குள்ளேயே படுக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன், தனுஷ்கோடி எங்கே ஓடிவிடப் போகிறது, மெதுவாகப் போகலாம் என்றார்.


பர்லியாறு பட்டறை:

நல்ல முடிவு தம்பி. மாட்டும்போது மறக்காமல் செய்ய வேண்டிய ஒன்று. கப்ளரைக் குண்டில் இறக்கி, கைப்பிடியைப் பூட்டி, பின் போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். டிரெய்லர் மூக்கில் இருக்கிற ஜாக்கைத் திரும்பச் சுற்றி மூக்கை மேலே தூக்குங்கள். சரியாகக் கவ்வியிருந்தால் பொலேரோவின் பின்புறமும் சேர்ந்து இரண்டு விரல் எழும்பும். கப்ளர் மட்டும் தனியாக எழும்பினால் பூட்டவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள், டீ குடித்துவிட்டு வந்து கிளம்பும்போதும் செய்யுங்கள். குண்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் போடுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை அதன் குறுக்களவை அளந்து பாருங்கள். 49 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஹிட்ச் போல்ட் எல்லாம் முதல் 50 கிலோமீட்டரில் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். மேட்டுப்பாளையம் இறங்கியதும் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

ஆக்ஸில் வந்ததும் சொல்லுங்கள், வயரிங்குக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வருகிறேன்.